பைக்குள் போன கை

இன்றைக்குக் குழந்தையைத் தூக்குவதில்லை. பல் விளக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். மகனுக்கு வயது ஒன்றரை. எடைக்கு மட்டும் கல்யாண வயது.

நண்பன் பாவ்-ஷெங்குக்கு ஜின்குவாஷியில் கல்யாணம். மூடிப்போன தங்கச் சுரங்கத்து ஊர். எங்கே திரும்பினாலும் படிக்கட்டு. விருந்துக்கு முன்னால் எல்லோருமாகச் சுரங்கத்துக் காட்சிசாலைக்குப் போனோம். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய தங்கப் பாளம். ஓட்டைக்குள் கையை விட்டுத் தடவலாம். தடவிய கையை உடனே பைக்குள் போட்டுக்கொண்டால் அதிர்ஷ்டம் கூடவே வரும். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தடவினேன். வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்தேன்.

"என்னங்க, இவனைக் கொஞ்சம் பிடிங்க. இடுப்பு ஒடியுது" என்றாள் மனைவி யூ-லான்.

"ஐயோ, கையை எடுத்தா அதிர்ஷ்டம் போயிடுமே!"

"அப்போ எப்பத்தான் எடுப்பீங்க?"

"வீட்டுக்குப் போய்த்தான்."

"அதுவும் சரிதான். பத்திரமா வெச்சுக்குங்க."

சண்டையே இல்லை! அவள் மகனைச் சுமந்துகொண்டு படியேறினாள். நான் சீட்டியடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

விருந்துப் பந்தலில் இடது கையால் சாப்பாட்டுக் குச்சிகளைப் பிடித்தேன். இறால் என் வாயைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. போகட்டும். சோளச் சாராயம் வரப்போகிறது. நாக்கு அதற்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தது.

யூ-லான் எழுந்து போய் மாப்பிள்ளையின் அப்பாவையே கூட்டி வந்தாள்.

"பெரியப்பா, உங்க பையனோட உயிர் சிநேகிதர் இவர்தான். முதல் கோப்பை இவருக்குத்தான்!"

பெரியவர் இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினார். அதை ஒற்றைக் கையால் வாங்குவது அவரைச் செருப்பால் அடிப்பது மாதிரி. மேசையே என்னைப் பார்த்தது.

"என்ன தம்பி, கையில அடியா?"

"அது வந்து... பெரியப்பா..."

"எடுங்க, பெரியவர் நிக்கிறார்ல" என்றாள் யூ-லான், தேன் குரலில்.

எடுத்தேன். இரண்டு கையையும் ஏந்தினேன். கோப்பை வருவதற்குள் யூ-லான் அதில் மகனை உட்கார வைத்தாள்.

"அதான் அதிர்ஷ்டம் போயிடுச்சே. இனி கை சும்மாதானே இருக்கு?" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பெரியவர் பக்கம் திரும்பினாள். "அவருக்குக் கை காலியில்லை பெரியப்பா. என்கிட்ட குடுங்க."

ஒரே மடக்கு. கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள். பந்தலே கை தட்டியது.

என்னால்தான் தட்ட முடியவில்லை.