பல் தேய்க்கும் வாத்தை அச்சிட வேண்டாம்

கலமசூ, மிச்சிகன்
செப்டம்பர் 18, வியாழன் மத்தியானம்

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் டைக்ஸ்ட்ரா ஐயாவுக்கு,

மாரென் ஹோக்ஸ்மா எழுதிக்கொள்வது. வணக்கம். உங்கள் முழங்கால் இப்போது மாடிப்படி ஏறவிடுகிறது என்றும், உங்கள் தோட்டத்துத் தக்காளியில் இந்த வருஷமாவது மான்கள் உங்களுக்குப் பாதி விட்டுவைத்தன என்றும் நம்புகிறேன். நான் லயல் ஹோக்ஸ்மாவின் மகள். நம் கிட்டார் மாற்றிக்கொள்ளும் சங்கத்தின் கூட்டங்களில் கோட் மாட்டும் கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாருடைய கிட்டாரிலும் விட்டுப்போன ஒயரைப் பற்றவைப்பவள். "நல்லாயிருக்கியாம்மா?" என்று என்னை நீங்கள் இதுவரை இரண்டு முறை கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறையும் தலையை மட்டும் ஆட்டினேன். பதில் சொல்லத் தாமதமானதற்கு மன்னிக்கவும். நன்றாக இருந்தேன், போன வாரம் புதன்கிழமை வரைக்கும்.

புதன்கிழமை முதலில் என் கண்ணில் பட்டது ஒரு வாத்து. மஞ்சள் வாத்து, கட்டைவிரல் நகம் அளவு, கையில் பிரஷ் பிடித்துப் பல் தேய்க்கிறது. வாத்துக்குப் பல் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அந்த ஸ்டிக்கரைக் கொடுத்த பல் டாக்டருக்குத் தெரியவில்லை. அப்பா அன்றைக்குக் கொண்டுவந்த கிட்டாரின் பின்மூடியை நான் கழற்றியபோது, ஒயர்களுக்கு அடியில் மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டு அது என்னைப் பார்த்தது.

எங்கள் வீட்டில் புதுக் கிட்டார் வரும் நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து அதன்மேல் பெட்டியை வைக்கவேண்டும், காபி கேக் வெட்டவேண்டும், பெட்டியைத் திறந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசக்கூடாது. (அது எனக்குச் சுலபம்.) அப்புறம் முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம், பின்மூடியைக் கழற்றி உள்ளே ஒரு படம். மூன்றும் உங்கள் பத்திரிகையின் 'புதுசா வந்தது' பக்கத்துக்குப் போகவேண்டும். உள்ளே எடுத்த படம் இல்லாமல் எதையும் போடமாட்டேன் என்று நீங்கள்தான் சட்டம் போட்டீர்கள். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிட்டத்தில் இருப்பது அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது என்பதால் திருகு கழற்றுவது எப்போதும் நான்தான். அன்றைக்கும் விளக்கைப் பிடித்துக்கொண்டு, "உள்ள என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். "ஒயர்" என்றேன். "வேற?" என்றார். "திருகு" என்றேன். நான் மேற்கொண்டு வாயைத் திறப்பதற்குள் என் தோளுக்கு மேலே கையை நீட்டிப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியும்விட்டார். நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் இதே காரணத்தால்தான். எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது, அது வெளியே வருவதற்குள் மணி அடித்துவிடும்.

அந்த வாத்தை ஒட்டியது நான். பதினொரு வருஷத்துக்கு முன்னால், எனக்கு ஆறு வயது. அப்போது அந்தக் கிட்டார் பச்சை நிறம், அப்பாவுடையது. எங்கள் வீட்டுக்கு வரும் எந்தக் கிட்டாரும் மூன்று வாரம் தங்காது என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரியும், அதனால் இதற்குள்ளே ஒரு வாத்து குடியிருந்தால் அப்பா அனுப்பமாட்டார் என்று நினைத்தேன், அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. நாலாவது நாள் சங்கத்து வெர்ன் மாமாவிடம் அதைக் கொடுத்துவிட்டு ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கிவந்தார். நான் கோட் அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். வெர்ன் மாமா அதற்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து ரோஜரிடம் கொடுத்தார். ரோஜர் கிட்டாரின் கழுத்தை மாற்றிக் கோனி அத்தையிடம் கொடுத்தார். கோனி அத்தை பெயின்ட்டை எல்லாம் சுரண்டி, தேன் நிறத்தில் மரம் தெரிகிற மாதிரி மெருகேற்றி, பேட்டில் கிரீக்கில் இருக்கும் தன் மச்சானுக்குக் கொடுத்தார். அந்த மச்சானிடமிருந்துதான் அப்பா போன புதன்கிழமை வாங்கிவந்தார், வெர்ன் மாமாவிடம் வாங்கிய அதே ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்துவிட்டு. நிறம் வேறு, கழுத்து வேறு, குமிழ் வேறு. பழையதில் மிச்சம் இருப்பது உடம்புக் கட்டையும் வாத்தும்தான்.

ஐயா, இதில் என்ன ஆபத்து என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். போன வருஷம் ரோஜர், தான் கொடுத்த கிட்டார் பெடலையே மூன்றாவது தடவை திரும்ப வாங்கியபோது, "ஏம்ப்பா ரோஜர், உன் செருப்பையாவது அடையாளம் தெரியுதா உனக்கு?" என்று கூட்டத்தில் எழுந்து கேட்டவர் என் அப்பாதான். கொடுத்ததையே திரும்ப வாங்குகிறவர்கள் வருஷாந்திரக் கூட்டத்தில் காது மூடும் ஆரஞ்சு வேட்டைத்தொப்பியைப் போட்டுக்கொண்டு, பால் பெட்டிமேல் நின்று முழுப்பாட்டு வாசிக்கவேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்தத் தொப்பி எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அப்பாதான் அதற்குக் காப்பாளர்.

அப்பாவைத் தவிர, வாத்தைப் பற்றித் தெரியாதவர்கள் சங்கத்தில் இல்லை. வெர்ன் மாமா ஒருமுறை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தக் கட்டைக்குள்ள ஒரு வாத்து இருக்குய்யா, பல்லு தேய்ச்சுக்கிட்டு. அத எடுத்தா சத்தம் போயிரும், அதான் விட்டுட்டேன்." ரோஜர், "நானும்தான் தொடல" என்றார். "நான் ரெண்டு தடவ கும்பிட்டேன்" என்றார் கோனி அத்தை. அப்பா அந்த நேரம் சமையலறையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். வரும் இருபத்தேழாம் தேதி சர்ச் கீழ்த்தளத்தில் நடக்கும் வருஷாந்திரக் கூட்டத்தில் உங்கள் பக்கங்களைப் பெரிய திரையில் போடுவீர்கள், அப்பா எழுந்து பேசுவார், பின்னால் வாத்து எட்டடி உயரத்துக்கு நிற்கும்.

சிரிப்பார்களே என்பதுகூட எனக்குப் பெரிதில்லை. சிரித்தால் அப்பா மறுநாளே அந்தக் கிட்டாரை வேறு யாரிடமாவது தள்ளிவிடுவார், அதுதான் என் பயம். இந்த எட்டு நாளும் வேலைக்குப் போகுமுன் தினமும் அடுப்பில் முட்டையை வைத்துவிட்டு வாசிக்க உட்காருகிறார். தினமும் முட்டை கருகுகிறது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே, "என்னா சத்தம் பாரும்மா! உயிர் இருக்கு இதுல. முன்னாடி ஒரு பச்சைக் கட்டை வச்சிருந்தேனே, செத்த மரம், அந்த மாதிரியா?" என்கிறார். சொல்லிவிட்டு என்னையே பார்க்கிறார். நான் முட்டையைப் பார்க்கிறேன். அவர் இப்படி வாசித்து நான் கேட்டதே இல்லை. இந்த ஒன்றாவது வீட்டில் தங்கட்டும் ஐயா.

நான் சும்மா இருந்துவிடவில்லை. வெள்ளிக்கிழமை அப்பா வேலைக்குப் போனதும் ஸ்டிக்கரை உரிக்கப் பார்த்தேன், அலகு மட்டும் கையோடு வந்தது, மற்றது மரத்தை விடவில்லை, இப்போது வாத்து வாயே இல்லாமல் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறது, முன்பைவிடப் பார்க்கப் பரிதாபமாக இருக்கிறது. சனிக்கிழமை வெர்ன் மாமாவிடம் உண்மையைச் சொல்லி, அன்றைக்கு வாயை மூடிக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம் என்று அவருடைய சைலன்சர் கடைக்குப் போய்ப் பத்து நிமிஷம் நின்றேன். அவர் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "யாரு, நம்ம லயல் பொண்ணா? என்னம்மா, உங்கப்பன் வண்டி சத்தம் போடுதா?" என்றார். தலையை ஆட்டிவிட்டேன். "அப்பவே நெனச்சேன். செவ்வாக்கிழமை கொண்டாரச் சொல்லு" என்றார். அதை மட்டும் எப்படியோ அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "வண்டில என்னம்மா கோளாறு?" என்றார். "ஏதோ சத்தமாம்" என்றேன். அப்பா வெளியே போய் வண்டியைக் கிளப்பிக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு வந்து, "ஆமா, கேக்குது" என்றார். ஒரு கோளாறும் இல்லாத வண்டி இப்போது இரண்டு நாளாக வெர்ன் மாமா கடையில் நிற்கிறது, அவரும் சத்தம் கேட்கிறது என்கிறாராம், எங்கிருந்து என்றுதான் தெரியவில்லையாம். அப்பா ரோஜரின் வண்டியில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறார், வழியெல்லாம் அவரிடம் கிட்டாரைப் பற்றித்தான் பேச்சு, ரோஜர் ஒருநாள் "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டால் தீர்ந்தது.

திங்கட்கிழமை உங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். உங்கள் மனைவி எடுத்தார். "யாரு? ... யாருங்க? ... ஏங்க, இங்க வாங்க, பேச்சே இல்ல, மூச்சு மட்டும் வருது, உங்க சங்கத்து ஆளுங்கதான் யாரோ!" என்றார். அந்த மூச்சு நான்தான். அரைமணி நேரம் கழித்து வந்த இரண்டாவது மூச்சும் நான்தான். உங்கள் வீட்டு அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும்.

எழுத்தில் எனக்குத் திக்காது. அதனால்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து அந்த மூன்றாவது படத்தைப் போடாதீர்கள். போட்டே ஆகவேண்டும் என்றால் அச்சில் மை கொட்டிவிட்டது என்று சொல்லமுடியுமா? அதுவும் முடியாவிட்டால், இத்துடன் வேறொரு கிட்டாரின் உள்ளே எடுத்த படத்தை வைத்திருக்கிறேன். வாத்து எதுவும் இல்லாத சுத்தமான படம். அது உங்கள் கிட்டார்தான் ஐயா, ஜூன் மாதம் ரிப்பேருக்கு வந்தபோது எடுத்தது, என்னிடம் வேறு படம் இல்லை. பொய்க்கு உங்களையே துணைக்கு இழுக்கிறேன், ஆனால் உங்கள் கிட்டாரைப் பற்றி யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் நல்ல உடம்பும், மானுக்கு எட்டாத வேலியும், எந்த ஈரத்திலும் சுருதி இறங்காத கம்பிகளும் அமையட்டும்.

பணிவுடன்,
மாரென் ஹோக்ஸ்மா
(கோட் மாட்டும் கம்பிக்குப் பக்கத்தில்)

பி.கு. உறையை ஒட்டித் தபால்தலையும் ஒட்டிவிட்டேன். பின்பக்கமாகப் பிரித்துத்தான் இதைச் சேர்க்கிறேன், கிழிசலுக்கு மன்னிக்கவும். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா இன்று சீக்கிரம் வந்துவிட்டார் போல, சாப்பாட்டு மேஜையிலிருந்து கூப்பிட்டார்:

"மாரென், இந்த வாத்து மூக்கை யாரு பிச்சது?"

போய்ப் பார்த்தால் பின்மூடி திறந்து கிடக்கிறது. அப்பா மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறார். பக்கத்தில் ஆரஞ்சுத் தொப்பி, தூசி தட்டி வைத்திருக்கிறது.

"தெரியுமாப்பா?" என்றேன்.

"பேட்டில் கிரீக்காரன்கிட்ட முதல்ல மூடியத் திற, வாத்து இருந்தா எடுத்துக்கறேன்னுதானே சொன்னேன். வெர்ன் வாத்துக் கதை சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டுச்சும்மா. அதுலேர்ந்து நாலு வருஷமா எல்லார்கிட்டயும் விசாரிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு கட்டை போனதுக்கு அலமாரிக்குள்ள உக்காந்து ஒருத்தி அழுதது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"அப்புறம் ஏம்ப்பா செத்த மரம், செத்த மரம்னு திட்டுனீங்க?"

"நீ ஒரு நாளாவது கோவம் வந்து, 'அதே கட்டைதான்பா இது'ன்னு சொல்லுவியான்னு பாத்தேன். எட்டு நாளாச்சு. முட்டை தீஞ்சதுதான் மிச்சம்."

"வண்டி சத்தம்?"

"அது நெஜமாவே கேக்குதும்மா."

ஆகையால் மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தவேண்டாம். மூன்றாவது படத்தையே போடுங்கள், முடிந்தால் பெரிதாக. உங்கள் கிட்டாரின் படத்தைத் திருப்பி அனுப்பவேண்டாம். கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் நீங்கள் இரண்டு முறை கேட்டதற்குப் பதில் இதில் இருக்கிறது.

அலகைத் தீப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். போய் எடுத்துவந்து ஒட்டினேன்.