முருங்கைப்பூவை ஆய்ந்தது நான்தான், சம்பந்தி

சேசு மரி சூசை துணை

இராயப்பன்பட்டி,
தவக்காலம், ஐந்தாம் ஞாயிறு.

மரியாதைக்குரிய சம்பந்தி, ஆண்டிபட்டி சவரிமுத்து உபதேசியார் அவர்களுக்கு, இஞ்ஞாசிமுத்து கைகுவித்து எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய இரக்கத்தால் தாங்களும் தங்கச்சியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் உதட்டு வீக்கம் வடிந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே என் வீட்டுக்காரி செலின் வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு நல்லபடியாகத் திரும்பிவிட்டாள். மகன் ஆரோக்கிய பிரபு காற்றாலைக் கம்பெனி வேலைக்குப் போய் வருகிறான். தங்கள் மகள் அனிதா மேரி வழக்கம்போலப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி வருகிறாள். நான்தான் நலமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. முகத்தை வைத்துக்கொள்ள வீட்டில் இடமில்லை, அவ்வளவுதான்.

நிற்க. அன்றைக்குச் சாப்பாட்டு இலைக்கு முன்னால் நான் தங்களிடம் சொன்னது பொய். இந்த ஒரு வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் செலின் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். "ஒரு வரி பத்தாது, ஆதியில இருந்து எழுதுங்க" என்கிறாள். எனவே ஆதியில் இருந்து எழுதுகிறேன்.

தாங்கள் அறிந்தபடி நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து, செக்கிங் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு எனக்குச் செல்போன்தான் துணை. அதில் ஒரு பெண்பிள்ளை காடு மேடெல்லாம் அலைந்து பூப் பறிப்பாள், மண்சட்டியில் சமைப்பாள், ஒரு வாய் சாப்பிட்டுக் கண்ணை மூடித் தலையை ஆட்டுவாள். அவள் தலையாட்டுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் யாராவது என் சமையலைத் தின்றுவிட்டுத் தலையாட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. செலின் இருந்திருந்தால் அடுப்படிக்குள் விட்டிருக்க மாட்டாள். அவள் வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறிய சமயம் பார்த்துத் தாங்கள் போன் செய்து, வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வருகிறோம், ஒருசந்தி என்பதால் மத்தியானம் ஒரு வேளைதான் சாப்பாடு, மாமிசம் தொடாத சுத்தபோசனம், ரசமும் சோறும் போதும் என்றீர்கள். அனிதா மேரி, "மாமா, நான் காலையிலேயே சாம்பார் வச்சு பீன்ஸ் பொரிச்சு வச்சுட்டு ஸ்கூலுக்குப் போயிர்றேன், மத்தியானம் பெர்மிஷன் போட்டுட்டு வந்து பரிமாறுறேன்" என்றது. நான் விட்டேனா? "உபதேசியாருக்குப் பீன்ஸா ஆத்தா? பங்குனி மாசம், ஊரெல்லாம் பூவாப் பூத்துக் கெடக்கு. நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்றேன். புள்ளை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "மாமா, முருங்கைப்பூவ மட்டும் உப்புத் தண்ணியில ஊறப்போட்டு ஒண்ணொண்ணாப் பாத்து எடுங்க. உள்ள பூச்சி இருக்கும்" என்றது. ஓடுற பஸ்ஸுல சீட்டுக்கடியில ஒளிஞ்சவனையே பிடிச்சவன் நான், இந்தப் பூச்சியப் பிடிக்க மாட்டேனா என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன வார்த்தை இதுதான், சம்பந்தி. ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அதுக்கு முன்னாடியே, விடியக்காலையில, வேப்பம்பூவுக்காக ரோட்டோரம் போயிருந்தேன். மரத்தடியில செலினோட வெள்ளைப் பெட்ஷீட்ட விரிச்சு, தொரட்டிய வச்சுக் கொப்ப உலுப்புனா பூ மழையாக் கொட்டுது. கொட்டுனது கண்ணுல விழுந்துருச்சு. கண்ணைக் கசக்கிக்கிட்டு அப்படியே பெட்ஷீட்டு மேல கொஞ்ச நேரம் மல்லாந்துட்டேன். அந்நேரம் பாத்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுக் குமுளிப் பக்கம் போற ஜீப்பு ஒண்ணு வந்து நின்னுச்சு. வெள்ளைத் துணி, அது மேல அசையாம ஒரு கிழவன், மேலெல்லாம் பூவு. உள்ள இருந்த பொம்பளைக அம்புட்டுப் பேரும் இறங்கிட்டாக. ஒரு அம்மா தலையில கைய வச்சு, "யாரு பெத்த புள்ளையோ, இங்கன வந்து இப்பிடிக் கெடக்கே"ன்னு ஆரம்பிச்சிருச்சு. நான் எந்திரிச்சு உக்காந்து, "ஒண்ணுமில்ல ஆத்தா, ரசத்துக்கு"ன்னேன். அந்தம்மா ரெண்டு எட்டுப் பின்னால போய், "எந்திரிச்சுப் பேசுறாக"ன்னு டிரைவர்கிட்டச் சொல்லுச்சு. ஜீப்பு கெளம்பி ஊர் எல்லை தாண்டுற வரைக்கும் சிரிப்புக் கேட்டுச்சு. நியாயப்படி நான் அத்தோட வீட்டுக்குப் போயி பீன்ஸ நறுக்கியிருக்கணும்.

நறுக்கல. அனிதா மேரி ஸ்கூலுக்குக் கெளம்புன பெறகு, அகத்திப்பூவுக்காக வேல்பாண்டியோட வெத்தலைக் கொடிக்காலுக்குப் போனேன். அங்கன வெத்தலைக் கொடி ஏறுறதே அகத்தி மரத்து மேலதான், பூவும் வெள்ளை வெள்ளையாத் தொங்குது. நான் பாட்டுக்குச் செருப்புக் காலோட உள்ள போயிட்டேன். கொடிக்கால அவுக கோயிலா நினைக்கிறவுக. வேல்பாண்டி ஓடி வந்து, "அண்ணே, செருப்பு, செருப்பு"ன்னு பதறிட்டாரு. கழட்டி வரப்புல வச்சுட்டுப் பூவப் பறிச்சுட்டு வந்து பாத்தா ஒத்தச் செருப்பத்தான் காணோம். நாய் கொண்டு போயிருச்சு. மிச்ச ஒண்ணப் போட்டுக்கிட்டு நடந்தா நொண்டுற மாதிரி இருக்கேன்னு அதையும் அங்கனயே விட்டுட்டேன். புளியம்பூ தாழ்ந்த கொப்புல ஈஸியாக் கெடச்சுச்சு. அன்னைக்கு நான் மரியாதையாச் செஞ்ச வேலை அது ஒண்ணுதான். முருங்கைப்பூ வாய்க்காக் கரை மரத்துல. நான் ஓட்டிட்டு வந்த வீட்டு ஸ்கூட்டிய ஸ்டாண்டு போட்டு சீட்டு மேல ஏறிக் கொப்பப் பிடிச்சேன். முருங்கைக் கொப்பு எம்புட்டுப் பலம்னு எல்லாருக்கும் தெரியும். கொப்பு, நான், ஸ்கூட்டி, மூணும் சேந்து வாய்க்காச் சேத்துல. சேத்துல இருந்து பூவ மட்டும் பொறுக்கி எடுத்துக்கிட்டு, வெறுங்காலோட வீடு வந்து சேந்தா, நீங்க வர்ற நேரம் நெருங்கிருச்சு. உப்புத் தண்ணியாவது, ஒண்ணொண்ணாப் பாக்குறதாவது. குழாயத் தொறந்து ஒரு அலசு அலசிச் சட்டியில போட்டுட்டேன்.

பந்தி நடந்த லட்சணம் உங்களுக்கே தெரியும், இருந்தாலும் செலின் எழுதச் சொல்லுறா. வேப்பம்பூவ நெய்யில செவக்க வறுக்கணும்னா நான் கருக வறுத்துட்டேன். அகத்திப்பூவுக்கு நடுவுல இருக்க கசப்பு நரம்பக் கிள்ளி எறியணும்னு அந்தப் பொண்ணு வீடியோவுல சொல்லியிருப்பா போல, நான் அவ தலையாட்டுனதத்தான் பாத்தேன். நீங்க ரசத்த ஒரு வாய் குடிச்சுட்டுக் கண்ணை மூடுனீக. ஆஹா, தலையாட்டப் போறாகன்னு நான் கிட்டத்துல வந்தேன். நீங்க மெதுவா, "பாடுபட்ட ஆண்டவருக்கும் கசப்பத்தான் குடுத்தாக"ன்னு சொல்லிட்டு இன்னொரு வாய் குடிச்சீக. காலையில இருந்து பட்டினி கெடந்து சாப்பிடுற ஒரே வேளைச் சோறு. அதுல முகம் சுளிக்காம நீங்க சாப்பிட்டதப் பாத்து, நல்லாத்தான் இருக்கு போலன்னு முருங்கைப்பூப் பொரியல ரெண்டாந்தரமும் அள்ளி வச்சேன். அப்பத்தான் உங்களுக்கு இருமல் வந்துச்சு. நாக்கும் உதடும் நமநமங்குதுன்னீக. தங்கச்சி குனிஞ்சு இலையப் பாத்துட்டு, "என்னங்க, இந்தக் கருவேப்பிலைக் காம்புல முடி இருக்கு"ன்னாக. நீங்க கண்ணாடிய எடுத்து மாட்டிப் பாத்துட்டு, "கம்பளிப்பூச்சி. பாதிதான் இருக்கு"ன்னீக. மத்தப் பாதி எங்கன்னு யாரும் கேக்கல. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, ஒருசந்தி இருந்த உபதேசியாருக்கு, நான் மாமிசம் பரிமாறிட்டேன்.

இங்கனதான் என் பேனா நிக்குது, சம்பந்தி. செலின் பூண்ட உரிக்கிறத நிறுத்திட்டா.

என் சர்வீஸ் பூராவும் ஒரே ஒரு ஜாதி ஆள எனக்குப் பிடிக்காது. டிக்கெட் எங்கடான்னு கேட்டா, முன்னால லேடீஸ் சீட்டுல உக்காந்திருக்க பொண்டாட்டியக் கை காட்டி, "அவகிட்ட இருக்கு"ம்பான். அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் தெரியாது, முழிக்கும். நான் அவனத்தான் மொதல்ல இறக்குவேன். நீங்க கண்ணாடிக்கு மேல என்னையப் பாத்தீக பாருங்க, அந்த நிமிஷம் என் வாய், என்னையக் கேக்காம, "பூவ ஆய்ஞ்சது அனிதா மேரிதான்"னு சொல்லிருச்சு. புள்ளை அப்பத்தான் பெர்மிஷன்ல வந்து, ஹேண்ட்பேக்கக் கூட வைக்காம, மோர்ச் செம்போட நின்னுக்கிட்டு இருந்துச்சு. என்னைய ஒரு தடவை பாத்துச்சு. அப்புறம் உங்களப் பாத்து, "கவனிக்காம விட்டுட்டேன்ப்பா"ன்னுச்சு. நீங்க, "பெரியவுகளுக்குச் சோறு போடுறப்பக் கவனம் வேணாமா? டீச்சர் வேலை பாத்தாப் போதுமா?"ன்னு ஏசுனீக. தங்கச்சி முந்தானையால கண்ணத் தொடச்சாக. அதோட விட்டிருக்கலாம். நீங்க என் பக்கம் திரும்பி, "எங்க வளர்ப்பு சரியில்ல, சம்பந்தி. மன்னிச்சுக்கிருங்க"ன்னு கையெடுத்தீக. அதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்ல, சின்னப்புள்ளதான"ன்னேன். மன்னிச்சேன், சம்பந்தி. நான் உங்களை மன்னிச்சேன். சோத்துல கைய வச்சா இது ஒண்ணுதான் ஞாபகத்துக்கு வருது.

நீங்க போனதும் புள்ளை இலைய எடுத்துச்சு, சட்டியெல்லாம் வெளக்குச்சு, ஸ்கூட்டியில இருந்த சேத்தையும் கழுவி விட்டுச்சு. எப்ப ஏசும், எப்ப ஏசும்னு நான் பின்னாலயே திரிஞ்சேன். அடிச் சோத்துல புளியம்பூத் துவையலப் போட்டுப் பிசைஞ்சு ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு, "மாமா, துவையல் நல்லா வந்திருக்கு"ன்னு மட்டும் சொல்லுச்சு. ஏசியிருந்தா நான் இந்நேரம் தூங்கியிருப்பேன். உங்களுக்குப் போன் போட்டு உண்மையச் சொல்லிரணும்னு எத்தனையோ தடவை எடுத்தேன். அந்தப் பக்கம் நீங்க "தோத்திரம், சம்பந்தி"ன்னதும் பேச்ச மாத்தி, "வைகை டேமுல தண்ணி எம்புட்டு நிக்குது?"ன்னு கேட்டுட்டு வச்சிருவேன். நீங்களும் பொறுமையா ஒவ்வொரு தடவையும் விசாரிச்சுச் சொன்னீக. பங்குச் சாமியார்கிட்டப் போயி, தெரியாமப் பூச்சியத் தின்னா சுத்தபோசனம் கெடுமான்னு கேட்டேன். தெரியாமச் சாப்பிட்டவருக்குப் பாவமே இல்லன்னாரு. பரிமாறுனவனுக்குன்னு கேட்டேன். "யாரு பரிமாறுனா?"ன்னாரு. வேற யாரோ ஒருத்தர்னு சொல்லிட்டு வந்துட்டேன். அங்கயும் டிக்கெட் எடுக்கல. கடைசியில செலின் வந்தா. பெட்ஷீட்ட விரிச்சுப் பாத்தா. ஒத்தப் பூ ஒட்டியிருந்துச்சு. "என்ன நடந்துச்சு?"ன்னா. சொல்லிட்டேன். அவ கத்தல. "போன்ல பேசுனா நீங்க வைகை டேமுக்குப் போயிருவீக, எழுதுங்க"ன்னு பேப்பர எடுத்துப் போட்டா.

ஆகையினால் சம்பந்தி அவர்களே, தங்கள் வளர்ப்பில் ஒரு குறையும் இல்லை. குறை என் வளர்ப்பில்தான், அதைக் கேட்க இப்போது என்னைப் பெற்றவர்களும் இல்லை. குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் நான் ஆண்டிபட்டிக்கு வந்து, தங்கள் இருவர் முன்னாலும் என் மருமகளை வைத்துக்கொண்டு என் வாயால் சொல்வேன். டேமைப் பற்றிப் பேச மாட்டேன். இனி இந்த ஜென்மத்தில் தலைக்கு வைக்கிற பூவைத் தவிர வேறு பூவைக் கையால் தொட மாட்டேன். தங்கச்சிக்கு என் வணக்கத்தையும், தங்கள் நாக்குக்கு என் வருத்தத்தையும் தெரிவித்துக்கொள்கிறேன். பாடுகளின் ஆண்டவர் தங்கள் வீட்டில் நல்ல சமையலையும் என் வீட்டில் நல்ல புத்தியையும் தந்தருள்வாராக.

இப்படிக்கு,
வெட்கத்துடன் தங்கள் சம்பந்தி,
ச. இஞ்ஞாசிமுத்து.

பி.கு: தபாலில் சேர்க்கச் சொல்லி அனிதா மேரியிடம் கொடுத்தேன். ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை வாசித்துக்கொள் என்றேன். வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. பிறகு சொல்கிறது: "மாமா, சின்ன வயசுல கம்பளிப்பூச்சி மேல ஊந்து எனக்குக் காய்ச்சலே வந்துருச்சு. அதுக்காக எங்க வீட்டு முருங்கை மரத்தையே அப்பா வெட்டிட்டாக. அன்னைல இருந்து நான் முருங்கைப்பூவத் தொட்டதே இல்ல. நீங்க சொன்னப்பவே அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. சாயங்காலமே போன் பண்ணுனாக. 'அந்த இடத்துல நான் உன்னைய ஏசலேன்னா சம்பந்தி எந்திரிச்சு எங்கயாவது போயிருப்பாரு. மனசுல வச்சுக்கிறாதத்தா. அவரு ஒரு வாய்கூடச் சாப்பிடல, இப்பவாச்சும் சாப்பிட்டாரா பாரு'ன்னாக." ஆக, மேலே எழுதியது எல்லாம் தங்களுக்கு முன்பே தெரியும். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன், செலின் விடவில்லை. ஆகவே தாங்கள் ஒன்றும் தெரியாதவர் போலவே இதை வாசித்துக்கொள்ளுங்கள். தங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டே நானும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.