பை இருந்தால் கெஸ்ட்

"சார், கீழே ஒருத்தர் சண்டைக்கு நிக்கறாரு."

இன்டர்காமில் வாட்ச்மேனின் குரல் கேட்டதும் செயலாளருக்குப் புது ரத்தம் பாய்ந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்குக் கோபப்பட இடமில்லாமல் இருந்தது. மனைவியிடம் கோபப்பட்டுப் பயனில்லை. அந்த அம்மாள் அதை மின்விசிறிச் சத்தம்போலப் பழகிக்கொண்டுவிட்டாள். கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆன பிறகுதான் மனிதர் மறுபடியும் வாய்விட்டுக் கோபப்படுகிறார்.

"என்னவாம் அவருக்கு?"

"விசிட்டர்னா வண்டியை வெளியே நிறுத்துங்கன்னு சொன்னேன் சார். யாரைப் பாத்து விசிட்டர்ங்கறேன்னு குதிக்கறாரு."

"பை இருக்கா?"

"இல்ல சார். கூட வந்த அம்மா கைல சின்னதா ஒரு கைப்பை இருக்கு."

"கைப்பையெல்லாம் பை இல்ல. அப்போ விசிட்டர்தான். எந்தக் கொம்பனா இருந்தாலும் வண்டி வெளியே, ஆள் மாடிப்படி. ரூல்னா ரூல்."

"சாவி வேற கேக்கறாரு சார்."

"லிஃப்ட் சாவியா? கொடுத்துப் பாரு, உன் வேலை போயிடும்!"

"மெதுவா பேசுங்க சார். அவர் பக்கத்துலதான் நிக்கறாரு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

"நல்லதாப் போச்சு. கேக்கட்டும்!"

"கேட்டுட்டேன் சம்பந்தி," என்றது இன்டர்காம்.

செயலாளர் ரிசீவரை அப்படியே தொங்கவிட்டுவிட்டு ஓடினார். லிஃப்ட் என்று ஒன்று இருப்பதே மறந்துபோய், நான்கு மாடியும் படியிலேயே இறங்கினார்.

மகளின் மாமனார் இந்த வாசலை மிதித்து ஒரு வருஷமாகிறது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. போன வருஷம் செயலாளர் போனில், "ஒரு நடை வந்துட்டுப் போங்க சம்பந்தி" என்று வாய் நிறையத்தான் கூப்பிட்டார்.  அந்தப் பக்கத்திலிருந்து, "வந்துட்டுப் போகணுமா? வந்து இருங்கன்னு சொல்ல வாய் வரலையா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவர்தான். வங்கியில் மேனேஜராக இருந்தவர். கடன் கேட்டு வருபவர்களின் ஒவ்வொரு சொல்லையும் சந்தேகத்தோடு பார்த்தே பழகியவர்.

நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தது மகள். அன்று காலையில்கூடப் போன் செய்திருந்தாள்.

"சாயந்தரம் மாமாவும் அத்தையும் அங்க வருவாங்கப்பா. நானே கெஞ்சிக் கூத்தாடி அனுப்பறேன். இந்தத் தடவையும் எதையாவது சொல்லி வெச்சீங்கன்னா, அப்புறம் நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இந்த வீட்டுல இருப்பேன்?"

"நான் என்னம்மா சொல்லிடப் போறேன்?" என்று செயலாளர் உள்ளபடியே வருத்தப்பட்டுக் கேட்டார். சாயந்தரம் வர வேண்டியவர்கள் காலையிலேயே வந்து நிற்பார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இந்த விசிட்டர், கெஸ்ட் சட்டம் அவர் பெற்ற பிள்ளை. கட்டடத்தில் கார் நிறுத்த இடம் குறைவு. லிஃப்டோ கிழடு. வருகிறவர் போகிறவர் எல்லாம் ஏறி இறங்கினால் தாங்காது. எனவே சங்கக் கூட்டத்தில் செயலாளர் எழுந்து நின்று முழங்கினார்:

"விசிட்டர் வேற, கெஸ்ட் வேற. வந்துட்டுப் போறவர் விசிட்டர். வந்து தங்கறவர் கெஸ்ட். கெஸ்ட்டுக்கு லிஃப்ட் உண்டு, உள்ளே பார்க்கிங் உண்டு. விசிட்டருக்கு ரெண்டும் கிடையாது."

"பாத்த உடனே எப்படி சார் கண்டுபிடிக்கறது?" என்று வாட்ச்மேன் நியாயமாகத்தான் கேட்டான்.

"தங்க வர்றவன் மாத்துத்துணி இல்லாம வருவானா? பை இருந்தா கெஸ்ட், பை இல்லைன்னா விசிட்டர்."

"கெஸ்ட் எத்தனை நாள் இருக்கலாம்?" என்றாள் முதல் மாடி டீச்சர்.

"விருந்தும் மருந்தும் மூணு நாள்!" என்றார் செயலாளர். அதையும் பலகையில் எழுதி வைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து, தோளில் பெரிய பையோடு தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்க வந்தவன் எல்லாம் கெஸ்ட்டாகி லிஃப்டில் ராஜாபோல் போனான். அக்காவைப் பார்க்கக் கையை வீசிக்கொண்டு வந்த டீச்சரின் தம்பி, காலில் கட்டோடு படியேறினான். டீச்சர் அதை மறக்கவில்லை. மறக்கும் ரகமும் இல்லை.

செயலாளர் மூச்சிரைக்க வாசலுக்கு வந்தபோது சம்பந்தி காருக்குள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார். பக்கத்தில் சம்பந்தி அம்மாள் மட்டும் வணக்கம் சொன்னார்.

"வாங்க வாங்க! நம்ம வீட்டுக்கு வந்துட்டு வெளியே நிக்கலாமா? டேய், கேட்டைத் திறடா!"

"பை இல்லையே சார்," என்றான் வாட்ச்மேன்.

"என் சம்பந்திடா!"

"யாரா இருந்தாலும்னு இப்பதானே சார் சொன்னீங்க?"

"என்ன சார் நியாயம் இது?" என்று மேலிருந்து ஒரு குரல். முதல் மாடி பால்கனியில் டீச்சர், ஈரத்துணியை உதறாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "என் தம்பின்னா மாடிப்படி, உங்க சம்பந்தின்னா சிவப்புக் கம்பளமா? ஊருக்குத்தான் உபதேசமா?"

செயலாளருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாரு சொன்னா? இவங்க கெஸ்ட்டுங்க! ராத்திரி இங்கதான் தங்கப் போறாங்க!"

கார்க் கண்ணாடி இறங்கியது. "யார் தங்கப் போறது? அரை மணி நேர வேலை எனக்கு. முடிச்சுட்டுக் கிளம்பிடுவேன்."

"சம்பந்தி, கொஞ்சம் மெதுவா..."

"அப்போ பை எங்கே?" என்றாள் டீச்சர்.

"பின்னாடி வருது!" என்றார் செயலாளர். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குக் கால் முளைக்க வைப்பது சொன்னவன் பாடு. அவர் மறுபடியும் நான்கு மாடி ஏறினார், பரணிலிருந்து பழைய சூட்கேஸ் ஒன்றை இழுத்துப் போட்டார், "ஏங்க, அது எதுக்குங்க, அதுல..." என்ற மனைவியின் பேச்சை முடிக்கவிடாமல் அதைத் தூக்கிக்கொண்டு பின்படி வழியாக இறங்கினார். சுற்றுச்சுவரைச் சுற்றி வந்து, காரின் பின்பக்கம் குனிந்து நின்றார்.

"என்ன பண்றீங்க?" என்றார் சம்பந்தி.

"இதை உங்க பைன்னு கையில புடிச்சுக்கோங்க. அஞ்சு நிமிஷம்."

"வாழ்க்கையில ஒரு நாள் பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை நான். ஊரான் பெட்டியை என்னோடதுன்னு தூக்கிட்டு நடக்கச் சொல்றீங்களா?"

"உங்க மருமக முகத்துக்காக சம்பந்தி!"

மருமகள் என்றதும் மனிதர் இளகினார். முட்டிவலியோடு காரை விட்டு இறங்கி, சூட்கேஸைத் தூக்கினார். கைப்பிடி கையோடு வந்தது. பெட்டி கீழே விழுந்து வாயைப் பிளந்தது. உள்ளிருந்து பழைய திரைச்சீலைகளும், காது போன ஒரு குக்கரும், 'சிறந்த ஊழியர்' என்று செயலாளரின் பெயர் பொறித்த கேடயமும் உருண்டு வந்தன.

"அந்தப் பூப்போட்ட திரை போன வருஷம் வரைக்கும் நாலாவது மாடி ஜன்னல்ல தொங்கிச்சே!" என்றாள் டீச்சர். "கெஸ்ட்டு குக்கரோட வந்திருக்காரா?"

சம்பந்தியின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் வாட்ச்மேன் கடமை தவறாதவன். "பை இருக்கு சார். கெஸ்ட்தான்," என்று கேட்டைத் திறந்துவிட்டான்.

உள்ளே வந்த கார் நேராக இரண்டாவது மாடிக்குரிய காலி இடத்தை நோக்கித் திரும்பியது. அந்த வீடு சில மாதங்களாகப் பூட்டிக் கிடந்தது. செயலாளர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தார்.

"ஐயையோ, அங்க கூடாது! அது ஓனர் இடம்!"

சம்பந்தி பிரேக்கை மிதித்தார். "ஓனர் இடமா?"

"ஓனர் தவிர ஒரு ஈ காக்கா அங்க நிக்கக்கூடாது. இதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் சம்பந்தி. கெஸ்ட்டுக்கு இடம் அதோ, பின்சுவர் ஓரம்."

சம்பந்தி அவரை உற்றுப் பார்த்தார். பக்கத்தில் சம்பந்தி அம்மாளுக்கு ஏனோ இருமல் வந்தது. கார் பின்சுவர் ஓரம் போய் நின்றது.

மேலே காபி வந்தது. சம்பந்தி தொடவில்லை.

"ஒரு நல்ல சேதி சொல்லலாம்னுதான் கிளம்பி வந்தேன்," என்றார். "இப்போ சொல்ற மனசு இல்லை. கிளம்பறேன்."

நல்ல சேதி! செயலாளரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.  தாத்தா ஆகப்போகிற சேதியையா இப்படி ஓட்டை சூட்கேஸால் கெடுத்துக்கொண்டோம்?

"அவருக்கு முட்டி வலிங்க, அதான்," என்று சமாதானம் சொன்னார் சம்பந்தி அம்மாள். சம்பந்தி அதற்குள் லிஃப்டுக்குப் போய்விட்டார்.

கீழே போனால், அவர் காருக்கு முன்னால் குறுக்காக இரண்டு கார்கள் நின்றுகொண்டிருந்தன.

"யார் வண்டிடா இது?" என்று அலறினார் செயலாளர்.

"மூணாவது மாடிக்காரங்களது சார். ரெண்டு குடும்பமும் ஒண்ணா வேன்ல வெளியூர் போயிருக்காங்க. சாவியும் அவங்ககிட்ட. நாளைக்குக் காலைலதான் வருவாங்க."

"கெஸ்ட் வண்டிக்குக் குறுக்கே எதுக்குடா நிறுத்தவிட்ட?"

"கெஸ்ட் ராத்திரி தங்குவாங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? நானும் அவங்ககிட்ட அதையேதான் சொன்னேன்."

சம்பந்தி அந்த இரண்டு கார்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "வர்றவனை விசிட்டர்னு விரட்டறீங்க, போறவனை கெஸ்ட்டுனு அடைச்சு வெக்கறீங்க! இது வீடா, ஜெயிலா?"

"டாக்ஸி சொல்லட்டுமா?"

"என் வண்டியை விட்டுட்டு நான் எதுக்குப் போகணும்? தப்பு என் பேர்லயா?"

போன் அடித்தது. மகள். "அப்பா, மாமாவைப் போக விடாம அடைச்சு வெச்சிருக்கீங்களாமே? அத்தை மெசேஜ் அனுப்பியிருக்காங்க. கூடவே சிரிக்கற பொம்மை வேற போட்டிருக்காங்க, எனக்கு ஒண்ணும் புரியல. என்னப்பா நடக்குது அங்க?"

"தங்கறாங்கம்மா. நம்ம வீட்டுல தங்கறாங்க," என்றார் செயலாளர், அழாத குறையாக.

இப்படியாக, பொய்யாகச் சொன்ன விருந்து மெய்யாகிவிட்டது. செயலாளரின் சட்டை சம்பந்தியின் வயிற்றைத் தாண்டிப் பட்டன் போட மறுத்தது. ஜன்னலுக்குத் திரை போதவில்லை என்று சம்பந்தி முனக, சூட்கேஸில் இருந்த அதே பூப்போட்ட திரையை எடுத்து மாட்டினாள் மனைவி. செயலாளர் தன் தலையணையையும் கட்டிலையும் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்தார். சாப்பிடும்போது சம்பந்தி மொத்தமே ஒரு வார்த்தைதான் பேசினார். "உப்பு" என்றார்.

காலையில் மூன்றாவது மாடிக்காரர்கள் வந்து கார்களை எடுத்தார்கள். வழியனுப்ப எல்லோரும் கீழே இறங்கினார்கள். டீச்சரும் பால்கனிக்கு வந்துவிட்டாள். இரவு முழுக்கத் தூங்காமல் செயலாளர் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் செதுக்கி வைத்திருந்தார். அதில் 'வந்துட்டுப் போங்க' என்ற வாடைகூட இருக்கக் கூடாது.

"சம்பந்தி, நேத்து நடந்ததை மனசுல வெச்சுக்காதீங்க. எம்மேல உங்களுக்கு எவ்வளவு கோபம் வேணாலும் இருக்கட்டும், அதை என் பொண்ணு மேல காட்டிடாதீங்க. அடுத்த தடவை பெரிய பையோட வந்து, உங்க இஷ்டத்துக்கு எத்தனை நாள் வேணாலும் இருங்க. மூணு நாள் கணக்கெல்லாம் உங்களுக்குக் கிடையாது."

சம்பந்தி காரைக் கிளப்பினார். போகிற போக்கில் வாட்ச்மேன் ஓடிவந்து அவரிடம் ஏதோ நீட்டினான். கார் கேட்டுப் பக்கம் போகவில்லை. அரை வட்டம் அடித்து, நேராகப் போய், இரண்டாவது மாடிக்குரிய இடத்தில் கோடு தவறாமல் நின்றது.

செயலாளருக்கு ஒரு ராத்திரி முழுக்க அடக்கி வைத்த கோபமெல்லாம் பீறிட்டது. சொந்தமாவது பந்தமாவது! ரூல்னா ரூல்!

"சம்பந்தி! அத்தனை தடவை சொன்னேனே! அங்க ஓனர் மட்டும்தான் நிறுத்தலாம்!"

கார்க் கண்ணாடி இறங்கியது. சம்பந்தி அம்மாள் தலையை நீட்டி, வாட்ச்மேன் கொடுத்த சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார்.

"அதான் அண்ணா நிறுத்தியிருக்கோம். நேத்து இவர் கேட்டது லிஃப்ட் சாவி இல்ல, பழைய ஓனர் வாட்ச்மேன்கிட்ட விட்டுட்டுப் போன அந்த வீட்டுச் சாவி. பொண்ணைப் பிரிஞ்சு நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்கக் கூடாதுன்னு இவர்தான் அந்த வீட்டை வாங்கினாரு, அடுத்த வாரம் நாலு பேரும் குடி வர்றோம். நீங்க எங்க வீட்டுக்கு வரும்போது மறக்காம ஒரு பை எடுத்துட்டு வாங்க, இல்லைன்னா இவர் உங்களை விசிட்டர்ல சேர்த்துடுவாரு."