தானாகச் சேமித்துக்கொண்ட கல்யாணப் பத்திரிகை

கணினியில் ஓர் அமைப்பை மாற்றத் தெரிந்துவிட்டால் போதும், எனக்குத் தலைகால் புரியாது. அந்தத் தலைக்கனம்தான் ஒருமுறை அக்காவின் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது.

அப்போது தெப்ராவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. ஒரு மழைநாளில் மின்சாரம் போய், மூன்று மணி நேரம் தட்டிய அறிக்கை காணாமல் போனது. அன்றே என் கோப்புகள் எல்லாம் தட்டத் தட்டத் தாமாகவே சேமித்துக்கொள்ளும்படி மாற்றிவிட்டேன். "இன்னுமா கையால சேவ் பண்றீங்க?" என்று கேட்டு ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

அக்காவின் பத்திரிகையை நான்தான் தயாரித்தேன். எங்கள் ஊரான குளுவாங்கில் அச்சுக்கடை வைத்திருக்கும் சீன அங்கிளுக்கு அந்தக் கோப்பின் இணைப்பை அனுப்பி, சனிக்கிழமை மதியம் திறந்து அச்சடிக்கச் சொன்னேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. (அதனால் என்ன, நான்தான் இருக்கிறேனே!)

அதே சனிக்கிழமை காலை, தந்தையை இழந்திருந்த சக ஊழியர் சிவா, பதினாறாம் நாள் காரியத்துக்கு ஓர் அழைப்பு அடித்துத் தரச் சொன்னார். புதிதாக எதற்கு என்று அக்காவின் பத்திரிகையையே திறந்தேன். என் பழக்கம் அப்படி. முதலில் மாற்றுவேன், கடைசியில்தான் வேறு பெயரில் சேமிப்பேன். 'திருமண அழைப்பிதழ்' என்ற தலைப்பை 'பதினாறாம் நாள் கருமக்கிரியை அழைப்பு' என்று மாற்றி முடித்தபோது மேலாளர் கூப்பிட்டார். மீட்டிங் பிற்பகல் நான்கு மணிவரை இழுத்தது.

திரும்பி வந்து பார்த்தால், திரையின் உச்சியில் அக்கா கல்யாணக் கோப்பின் பெயர். பக்கத்தில் 'சேமிக்கப்பட்டது'. பக்கத்தின் தலைப்பில் கருமக்கிரியை, அதற்குக் கீழே அக்கா பெயரும் மாப்பிள்ளை பெயரும். உடனே அச்சுக்கடைக்குப் போன் அடித்தேன்.

"பாப்பா அவாக் டா அம்பெல் லா!" என்றார் அங்கிள் மலாயில் உற்சாகமாக. அச்சடித்து, அப்பா வந்து எடுத்துக்கொண்டும் போய்விட்டாராம்.

நான்கு மணிக்கு மாப்பிள்ளையின் பெற்றோர் சிகாமட்டிலிருந்து வருவதாக இருந்தது. முதல் பத்திரிகைக்கு மஞ்சள் தடவி, இரு வீட்டாரும் சேர்ந்து முருகன் கோயிலில் வைப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் அம்மா பூனை குறுக்கே போனதற்கே நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைத்தவர். இதைப் பார்த்தால் கல்யாணம் அவ்வளவுதான். அப்பா போனை எடுக்கவே இல்லை. அக்கா எடுத்தாள்.

"அக்கா, கார்டு கட்டைப் பிரிக்க விடாத!"

"ஏன்டா? அவங்க வந்து உக்காந்தாச்சு. அப்பா இப்பதான் கட்டை மேசையில வச்சாரு. நான் மைலோ கலக்கிட்டிருக்கேன்."

விஷயத்தைச் சொன்னேன்.

"அலமாக்!" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. தெப்ராவில் உட்கார்ந்து, ஒரு மணி நேரத்துக்கும் மேல் தள்ளியிருந்த எங்கள் வீட்டுக் கூடத்தைக் காதாலேயே பார்த்தேன். கோப்பைகள் லேசாகக் கிணுகிணுத்தன. அப்பாவின் குரல்: "சம்பந்தியம்மா, உங்க கையாலயே பிரிங்க."

தடாலென்று ஒரு சத்தம்.

"ஐயையோ, பாத்து வரக்கூடாதாடி! கார்டுக் கட்டு பூரா மைலோ!" என்று அம்மா அலறினார்.

"நானே எடுத்துப் போட்டுட்றேன்மா" என்ற அக்காவின் குரல் கேட்டது. பின்பக்கக் கதவு திறந்தது, குப்பைத்தொட்டியின் மூடி சாத்தப்பட்டது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"மஞ்ச வைக்கிறதுக்கு முன்னாடி கொட்டுச்சே, அது வரைக்கும் நல்லது" என்றார் சம்பந்தியம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "பொண்ணுக்குக் கை நடுங்குமோ?"

பழைய வடிவம் அதே கோப்புக்குள் பத்திரமாக இருந்தது. மீட்டெடுத்து, பத்துமுறை படித்து, மறுநாள் புதிதாக அச்சடித்தோம். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தானாகச் சேமிப்பதை நான் இன்னும் நிறுத்தவில்லை. பழைய கோப்பைத் திறந்தால் மட்டும், ஓர் எழுத்தைத் தொடுவதற்கு முன்பே நகல் எடுத்து வேறு பெயர் வைத்துவிடுவேன்.

இத்தனை வருடத்தில் புகுந்த வீட்டில் அக்காவை யாரும் பானத் தட்டைத் தொட விட்டதில்லை. தீபாவளிக்கு எத்தனை பேர் வந்தாலும் மாமியாரே தட்டைத் தூக்கி வருவார். "மருமகளுக்குக் கை நடுங்கும், கார்டு மேலயே மைலோ கொட்டினவ" என்று சொல்லிச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார்.

போன தீபாவளிக்கு எனக்கு மனசு கேட்கவில்லை. "அத்தை, உண்மையில அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா என் காலை நறுக்கென்று மிதித்தாள். "வாயத் திறந்தே, நாளைலேர்ந்து வர்றவங்க எல்லாருக்கும் நான்தான்டா மைலோ கலக்கித் தட்டைத் தூக்கணும்."