பிணைக்காமல் அறுத்த மின்னஞ்சல்

உலகத்தைத் திருத்தப் புறப்படுகிறவன் முதலில் வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும். நான் சொல்லவில்லை. அதனால் உலகம் திருந்தவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும் (அதற்கு நான் மட்டும் பொறுப்பல்ல), என் அக்காவின் பிழைப்பு அல்லவா தெருவுக்கு வரப் பார்த்தது!

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்த நேரம். எனக்கு இருபது வயது. ஆரணியில் கல்லூரி மூன்றாம் ஆண்டு. எங்கோ தொலைவில் ஒரு பெரிய நாடு ஒரு சின்ன நாட்டின் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்தது. டிவியில் அதைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இதை மட்டும் கேலி செய்ய எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை. அந்தக் கோபம் உண்மையான கோபம். அதை வைத்துக்கொண்டு நான் செய்ததுதான் கூத்து.

நானும் நண்பன் கோதண்டமும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து அந்தப் பெரிய நாட்டின் சரக்கு எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தோம். குளிர்பானத்தை விட்டேன். (எனக்கு எப்போதும் சளி. அம்மாவுக்கு ஏக சந்தோஷம்.) பற்பசையை விட்டேன். ஷேவிங் க்ரீமை விட்டேன். தாடி வளர்ந்ததும் முகத்தில் புரட்சிக் களை வந்துவிட்டதாக நானே கண்ணாடியில் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். பஞ்சாயத்து வந்தது மின்னஞ்சலில்தான்.

அந்த நாட்டுக் கம்பெனி ஒன்று இலவசமாக மின்னஞ்சல் கொடுத்துக்கொண்டிருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அதில்தான் முகவரி. விடலாமா, கூடாதா? மூன்று நாள் விவாதித்தோம்.

"அவன் சும்மாதானேடா தர்றான்? நாம அவனுக்கு இன்னா குடுக்கறோம்?" என்றேன்.

"சும்மாவா? பக்கத்துல வெளம்பரம் ஓடுதே, அத யாரு பாக்கறது? நீதான். அவனுக்கு வருமானம். அந்த வருமானத்துல வரி கட்றான். அந்த வரியிலதான்டா குண்டு," என்றான் கோதண்டம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் திறந்த ஒவ்வொரு மடலுக்கும் ஒரு தோட்டா என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஆரணியிலிருந்து ஒருவன் விலகிவிட்டால் அந்தக் கம்பெனி மேசை நாற்காலியை விற்க வேண்டிவரும் என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

மறுநாள் காலை அன்வர் பாயின் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அன்வர் பாய் கல்லாவில் உட்கார்ந்து எங்கள் பிரகடனத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"சரி தம்பி. நீ உக்காரப் போற கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறதும் அவங்க ஊரு சரக்குதானே?"

"அது அடுத்த கட்டம், பாய்."

"அடுத்த கட்டம் வரும்போது சொல்லு. நான் பொரி உருண்டை கடை வெச்சுக்கறேன்."

உட்கார்ந்தேன். முகவரியை எப்படி மூடுவது என்று தெரியவில்லை. அதையும் அந்த நாட்டுத் தேடுதளத்தில்தான் தேடினேன். மூடப் போனால் அது கெஞ்சியது. நிச்சயம்தானா? எல்லாக் கடிதங்களும் போய்விடும், நிச்சயம்தானா? எதிரி பயந்துவிட்டான் என்று எனக்கு ஒரே பூரிப்பு. ஓங்கி ஒரு கிளிக். கோதண்டம் கை தட்டினான்.

"இப்ப நீ," என்று எழுந்து இடம் விட்டேன்.

அவன் உட்காரவில்லை. "மச்சான், நான் திங்கக்கெழம மூடறேன். எங்க அண்ணன் துபாய்லேர்ந்து அதுலதான் மெயில் போடுவான். அவனுக்கு மொதல்ல ஒரு வார்த்த சொல்லணும்ல?"

துரோகி என்று அவனைத் திட்டிவிட்டு, உலகப் புறக்கணிப்பின் ஒரே உறுப்பினராக வீட்டுக்கு நடந்தேன். அவனுக்கு அவன் அண்ணன் ஞாபகம் வந்தபோதாவது எனக்கு என் அக்கா ஞாபகம் வந்திருக்கக் கூடாதா? மரமண்டை!

அக்கா தேன்மொழிக்கு அப்போது இருபத்துநான்கு. கடைத்தெருவில் ஒரு டிசைன் கடையில் பட்டுப்புடவைக்கு பார்டரும் முந்தானையும் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தாள். அவள் கட்டம் கட்டமாக வரைவதை அட்டையில் துளை போட்டு, அந்த அட்டையைத் தறிக்கு மேலே மாட்டினால், துளைப்படி பூ விழும். ஆரணியிலும் முள்ளிப்பட்டிலும் எத்தனையோ தறிகளில் அவள் வரைந்த மயில் தோகை விரித்துக்கொண்டிருந்தது. யார் வரைந்தது என்றுதான் யாருக்கும் தெரியாது. பெங்களூரில் ஒரு புடவைக் கம்பெனி டிசைன் வரைய ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு, அவள் வரைந்ததில் நல்லதாக ஆறு எடுத்து அனுப்பியிருந்தாள். அவள் கடையில் இணையம் கிடையாது. அனுப்பியது நான். என் முகவரியிலிருந்து. 'பதிலை இதே முகவரிக்கு அனுப்பவும்' என்று கைப்பட அடித்ததும் நான்தான்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் அக்கா கேட்டாள்: "டேய் குமரா, பிரவுசிங்தானே போய்கினு வர? பெங்களூர்லேர்ந்து பதில் வந்துச்சா?"

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினேன்.

"இன்னும்... இல்லக்கா. சர்வர் பேஜார்."

திரும்பி ஓடினேன். "பாய், மூடினதத் தொறக்க முடியுமா?"

"அது இன்னா டிபன் கடையா தம்பி, மத்தியானம் மூடி சாயந்திரம் தொறக்க?"

அவர் முகவரியைக் கடன் வாங்கி (அதுவும் அதே கம்பெனிதான்) கம்பெனிக்கே ஒரு விண்ணப்பம் எழுதினேன். ஐயா, இன்று காலை உங்கள் நாட்டின் போரை எதிர்த்து உங்களைப் புறக்கணித்தேன். தயவுகூர்ந்து அதை ரத்து செய்து என் முகவரியைத் திருப்பித் தரும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். சரித்திரத்தில் இவ்வளவு சீக்கிரம் மண்டியிட்ட போராளி வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை. உடனே பதில் வந்தது. எங்கள் சேவையைப் பயன்படுத்தியதற்கு நன்றி என்று இயந்திரம் சொன்னது. அவ்வளவுதான். பெங்களூர்க்காரர்களின் மின்னஞ்சல் முகவரியும் மூடிய பெட்டியோடு போயிருந்தது.

அடுத்த ஐந்து நாளும் அக்கா கேட்டாள், நான் பொய் சொன்னேன். மின்சாரம் இல்லை என்றேன். கூட்டம் என்றேன். அன்வர் பாய்க்கு ஜுரம் என்றேன். (அந்த மனுஷன் எதிரே சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்.) அப்பாவும் அக்காவும் பேசியது அரைகுறையாகக் காதில் விழும். "அவங்களா கூப்ட்டா போ கண்ணு, நான் வேணாங்கல. கூப்டாத எடத்துக்குப் போறது மரியாத இல்ல," என்பார் அப்பா. கூப்பிட வேண்டியவர்களின் வாயை நான் அடைத்து வைத்திருந்தேன்.

ஆறாம் நாள் அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "என் கோடு அவ்ளோ நல்லா இல்ல போலம்மா. நம்ம ஊர்ல நல்லாருக்குன்னு சொன்னா அங்கயும் சொல்லணுமா இன்னா?"

அதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாயந்திரம் அவள் அப்பாவின் தறியடியில் உட்கார்ந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். ஒரு பாவில் புடவை நெய்து முடித்ததும் மிச்ச நுனியை அப்படியே தறியில் விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்தப் பழைய நுனியோடு, விரலில் சாம்பல் தொட்டு, முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். பிணைக்காமல் பழையதை அறுத்து உருவிவிட்டால் தொலைந்தது. ஒவ்வோர் இழையையும் முதலிலிருந்து தறிக்குள் கோக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒண்ணாவது படிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அடிக்கக் கூடாது."

எல்லாவற்றையும் சொன்னேன். போரில் தொடங்கி, வரி வழியாக வந்து, கிளிக்கில் முடித்தேன். அவள் விரல்கள் நின்றுவிட்டன. அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

"உனக்கு அந்தக் கம்பெனி புடிக்கல, விட்டுட்ட. சரி. அந்தப் பொட்டிக்குள்ள என் கடுதாசி இருந்துச்சேடா."

"மறந்துட்டேன்க்கா."

"தறிக்கார வீட்டுல பொறந்துகினு, பிணைக்காம பழைய பாவ அறுத்துட்டு வந்து நிக்கறியே, நீயெல்லாம்..." என்று சாம்பல் கையோடு என் தலையில் ஒரு தள்ளு தள்ளினாள். நெற்றியில் திருநீறு பூசியதுபோல் ஆகிவிட்டது. அந்த நிலையிலும், அடுப்படியிலிருந்து பார்த்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

விஷயம் அப்பா காதுக்குப் போனது. வழக்கம்போல, "கூப்டாத எடத்துக்கு..." என்று ஆரம்பித்தார்.

"கூப்ட்டாங்களா, கூப்டலயான்னே தெரியலயேப்பா," என்றாள் அக்கா. "அதக் கேக்கத்தான் போறேன். நாளைக்கே. இவனும் வரணும்."

வேலூர் வழியாக பெங்களூர். வழி முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. ஆம்பூர் தாண்டியதும் இட்லிப் பொட்டலத்தில் பாதியை மட்டும் என் பக்கம் நகர்த்தினாள்.

அந்தக் கம்பெனியில் எங்களைப் பார்த்த மேடம் சேலத்துக்காரர். அக்கா தன் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"ஆரணி தேன்மொழி நீங்கதானாம்மா? மூணு மெயில் போட்டோம். மூணும் திரும்பி வந்துடுச்சு. அப்படி ஒரு முகவரியே இல்லைன்னு சொல்லுது. உங்களுக்கு விருப்பம் இல்ல போலன்னு முந்தாநேத்துதான் வேற ஒருத்தரை எடுத்தோம். என்னங்க ஆச்சு?"

நான் தொண்டையைச் செருமினேன். இவ்வளவு நாளாகத் தயாரித்த உரை எங்கே போய்விடும்? "மேடம், ஏகாதிபத்தியம் என்ன பண்ணுதுன்னா..." என்று தொடங்கினேன்.

அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "என் தம்பிங்க. ஒரு பெரிய கம்பெனியப் புறக்கணிச்சான். அந்தக் கம்பெனிக்கு ஒண்ணும் ஆகல. வேல போனது எனக்குத்தாங்க."

மேடத்துக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு என்னைத் தாடியிலிருந்து செருப்பு வரைக்கும் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "வந்ததே வந்தீங்க. இந்த மெஷின்ல ஒரு பார்டர் போட்டுக் காட்டுங்க," என்றார்.

அக்கா உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம். நான் வாசலில் நின்று என் வாழ்நாளில் முதல் தடவையாகப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டேன். (அதுவரை நான் நாத்திகன். அந்தப் புறக்கணிப்பையும் அன்றைக்கே கைவிட்டேன்.) நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அது போனது போனதுதான். ஆனால் மூன்று மாதத்துக்கு பார்டர் வரையும் வேலை கொடுத்தார்கள். விவரத்தை அனுப்ப மேடம் முகவரி கேட்டபோது, அக்கா அங்கேயே அந்தக் கம்ப்யூட்டரிலேயே தன் பெயரில் ஒன்று தொடங்கினாள். அதே கம்பெனியில். கடவுச்சொல் அடிக்கும்போது என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாள்.

திரும்பி வரும்போது வேலூர் பஸ்ஸில்தான் வாய் திறந்தாள். "உன் கோவம் தப்பில்லடா. டிவியப் பாத்து நானுந்தான் அழுதேன். ஒண்ண விடணும்னு தோணுச்சுன்னா விடு. ஆனா அந்த நூலப் புடிச்சிகினு யாரு தொங்கறாங்கன்னு பாத்துட்டு விடு." எனக்கு அது போதும் என்றிருந்தது.

மூன்று மாதம் முடிந்ததும் அந்தக் கம்பெனி அவளை விடவில்லை. இன்றைக்கு அங்கே டிசைன் பிரிவுக்கே அவள்தான் தலைவி. போர் நிற்கவில்லை. கோதண்டத்துக்கு அந்தத் திங்கட்கிழமை இன்னும் வரவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. யார் கோபித்துக்கொண்டு எதை விட்டாலும், வேலையோ, சீட்டோ, மாமியார் வீடோ, முதல் கேள்வி, "பிணைச்சாச்சா?" என்பதுதான். கேட்டுவிட்டு எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

போன மாதம் கல்லூரியில் படிக்கும் என் மகள் யாழினி, எங்கள் குடும்பக் குழு இருக்கும் தளத்தை விட்டு விலகப் போவதாகச் சொன்னாள். அதன் முதலாளி செய்யும் அரசியல் அவளுக்குப் பொறுக்கவில்லை. நான் ஒரு மணி நேரம் உபதேசம் செய்தேன். நிதானம் வேண்டும், யார் யார் உன்னை நம்பி இருக்கிறார்கள் என்று பார், நானும் ஒரு காலத்தில் என்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா," என்று போய்விட்டாள். அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு பத்து நாளாகக் குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை. நான் தவறாமல் காலை ஆறு மணிக்குத் தாமரைப் பூப் படம் போட்டு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பதில் இல்லை. நான் யாரையோ புண்படுத்திவிட்டேன் போல என்று, ரோஜாப் பூவாக மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பெங்களூரிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"டேய், யாழினி ஒவ்வொருத்தருக்கா சொல்லி, வேற எடத்துல புதுக் குழு ஆரம்பிச்சு, எல்லாரையும் சேத்துட்டுத்தான்டா இதுலேர்ந்து போனா. ஒரு இழ விடல. நானும் போயிட்டேன். எங்க வரணும்னு இதுலயே மூணு வாட்டி எழுதிப் போட்டாளே, நீ படிக்கல?"

மேலே தள்ளிப் பார்த்தேன். என் தாமரைகளுக்கு நடுவே மூன்று செய்திகள் இருந்தன. மூன்றும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தன.

"அங்க ஒரு ஆளும் கெடையாது. தெனம் காலங்காத்தால யாருக்குடா வணக்கம் சொல்லிகினு இருக்க?" என்றாள் அக்கா.