பஸ்ஸ வுட்டவரு

ஒரகடம் ரோட்டில் போகிற வருகிற கம்பெனி பஸ் அத்தனையையும் நிறுத்திக் காட்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அதற்காக அவர் கையைத் தூக்கியதில்லை, விசில் அடித்ததில்லை. அவர் பாட்டுக்கு ஓடுவார். பஸ் தானாக வந்து பக்கத்தில் நிற்கும்.

வல்லம் வடகால் கூட்டுரோட்டில் என் இட்லிக் கடை. காலை ஐந்தரைக்கெல்லாம் கழுத்தில் அட்டை தொங்க, பையன்களும் பெண்களும் வந்து வரிசையாக நின்றுவிடுவார்கள். முதல் ஷிப்ட் பஸ் யாருக்காகவும் காத்திருக்காது. விட்டுவிட்டால் சூப்பர்வைசர் வாயில் விழவேண்டும். அதனால் எங்கள் பக்கத்தில் விடியற்காலையில் ஒருத்தர் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பஸ்ஸை விட்டுவிட்டார். வேறு எதற்காகவும் மனுஷன் ஓடுவான் என்று எங்களுக்குத் தெரியாது. நாய் துரத்தினால் ஓடுவான். அப்போது நாயும் கூட வரும்.

இவர் பின்னால் நாய் இல்லை. அரை டிராயர், ஆயுத பூஜைக்குக் கம்பெனி கொடுத்த பனியன். அந்தப் பனியன்தான் வினை. அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் பாவமாகப் போய்விடும். வயது நாற்பத்தைந்து இருக்கும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், மிஷின் ரிப்பேர் பார்க்கிற வேலை. பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில், இவர் இங்கே நாலு பேரோடு வாடகை ரூமில். பேர் யாருக்கும் தெரியாது. ‘பஸ்ஸ வுட்டவரு’ என்றால் தெரியாதவர் கிடையாது. இப்போது மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். பேர் மட்டும் இங்கேயே இருக்கிறது.

பஸ் பக்கத்தில் வந்ததும் டிரைவர் கத்துவார்.

“அண்ணாத்த, ஏறு ஏறு! எந்த கம்பெனி?”

மூச்சு வாங்குகிறவருக்கு எங்கே பேச்சு வரும்? தலையை ஆட்டுவார். வேண்டாம் என்று இவர் ஆட்டுவதை, சரி என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். படியில் நிற்கிற இரண்டு பையன்கள் ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுவிடுவார்கள். வண்டி போய்விடும்.

ஒரு நாள் இட்லி வைக்கும்போது மெல்லக் கேட்டேன். “வேணாம்னு சொல்லக்கூடாதாப்பா?”

“கூப்புடுதவன் மொகத்தப் பாத்து எப்படி ஆச்சி மாட்டேங்கது? நமக்குன்னு நிறுத்துதான். மனசு சங்கடப்படும்லா.”

அவர் செய்வது என்ன தெரியுமா? மரியாதைக்கு ஏறிக்கொள்வார். அடுத்த நிறுத்தத்தில் இறங்குவார். ஏறின இடத்துக்கே திரும்பி ஓடிவந்து, அங்கே ஒரு காலை ஊன்றி, மறுபடியும் முதலில் போன திசையிலேயே ஓடுவார். பஸ்ஸில் போன தூரம் கணக்கில் சேரக்கூடாதாம். அப்படித் திரும்பி ஓடிவரும்போது எதிரே வருகிற பஸ், ஐயோ பாவம், ரூமில் எதையோ மறந்துவிட்டுப் போகிறார் என்று அதுவும் நிற்கும். அதிலும் ஏறுவார். பத்து கிலோமீட்டர் ஓடலாம் என்று புறப்பட்டவர் பதினேழு ஓடி, என் கடைக்கு வந்து, “இன்னைக்கு நல்ல ஜனங்க அதிகம் ஆச்சி” என்று விழுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று நடந்தது. படப்பை தாண்டி ஓடிக்கொண்டிருந்தவரை பைக்கில் வந்த ஒரு பையன் மடக்கி, “பின்னாடி குந்து அண்ணா, புட்சிடலாம்!” என்று ஏற்றி, சினிமாவில் வருகிற மாதிரி துரத்தி, முன்னால் போன பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டுப் போய்விட்டான். அது வேறு கம்பெனி பஸ். நேராக அந்தக் கம்பெனி கேட்டுக்குள் போய்த்தான் நின்றது. அட்டை இல்லை, மறுத்துச் சொல்ல மனசும் வரவில்லை. புது ஆள் என்று நினைத்து, அன்றைக்குச் சேர்ந்த பிள்ளைகளோடு உட்கார வைத்துப் பாதுகாப்பு வகுப்பு எடுத்துவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம். நடுவில் எழுந்தால் சொல்லிக்கொடுக்கிறவர் மனசு சங்கடப்படுமே என்று கடைசிவரை இருந்து, உறுதிமொழியும் எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கூட்டம் கலைந்த பிறகு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

“சிரிக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு ஆச்சி. ஆனா நான் நாப்பத்திரண்டு கிலோமீட்டர் முடிக்கணும்னு கெடக்கேன். உலகத்துல ஓட்டக்காரவ எல்லாம் ஓடுத தூரம். ரெண்டு தடவ கெளம்பிட்டேன். ரெண்டு தடவையும் ஏத்திட்டானுவ.”

“முடிச்சா இன்னா தருவாங்க?”

“ஒண்ணும் தரமாட்டாவ. படிப்பப் பாதியில விட்டேன். பட்டாளத்துல ஆள் எடுக்கையில பாதிவரை போய்த் திரும்பினேன். ஊர்ல கட்டுன வீடு பாதியில நிக்கி. ஒண்ணே ஒண்ணு முழுசா முடிச்சிட்டேன்னு எனக்கே நான் சொல்லிக்கணும்லா.”

மறு ஞாயிற்றுக்கிழமை வார லீவு. அன்றைக்கு மூன்றாம் தடவையாகக் கிளம்பப் போவதாகச் சொன்னார். என் கடையிலிருந்து கிளம்பி, முதலில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொஞ்சம் போய்வந்து, அப்புறம் ஒரகடம், படப்பை வழியாக மணிமங்கலம் போய்த் திரும்பினால் சரியாக நாற்பத்திரண்டாம். என் பிள்ளைகளே ‘அம்மா வாயத் தொறக்காது’ என்று கேலி செய்வார்கள். எத்தனை இட்லி என்று கேட்பேன், சட்னி போதுமா என்பேன், அதற்குமேல் எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் அந்த வாரம் கடைக்கு வந்த டிரைவர் ஒவ்வொருத்தரிடமும், பார்சலைக் கையில் கொடுக்கிற நேரம் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டேன். “ஞாயித்துக்கெழம அந்த ஓடுறவர ஏத்தாதீங்கப்பா.” காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

காரணம் சொல்லாத பேச்சு எப்படி வளரும்? வெள்ளிக்கிழமைக்குள் அவரை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள், அதனால்தான் பஸ்ஸில் ஏற்றக்கூடாது என்று உத்தரவு என்றாகிவிட்டது. ஒரு பெண் அவருக்கு இரண்டு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்து, “கவலப்படாத அண்ணா, எங்க லைன்ல ஆள் எடுக்குறாங்க” என்று தேற்றிவிட்டுப் போனது. ஒன்றும் புரியாமல் வாழைப்பழத்தைத் தின்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார். ஞாயிறு என்றாலும் ஓவர்டைம் பார்க்கிறவர்களுக்கு ஓ.டி. பஸ்கள் உண்டு. ஏழு மணி ஆயிற்று, எட்டு ஆயிற்று. வெயில் ஏறிவிட்டது. எனக்கு ரோட்டைப் பார்ப்பதே வேலையாக இருந்தது. இட்லிப் பானையில் தண்ணீர் வற்றி அடி பிடித்ததுகூடத் தெரியவில்லை. அப்போது பெரிய மீசை வைத்த டிரைவர் ஒருவர் காலி பஸ்ஸை என் கடை முன்னால் நிறுத்தித் தலையை நீட்டினார்.

“ஆயா! உன் ஆளு ஏரி மதகாண்ட நின்னுகினு கீறாரு. கைய காட்னாரு. நீ ஏத்தாதன்ன, நானும் ஏத்தல. இப்ப எனக்கே ஒரு மாரியா கீது.”

“கைய காட்னாரா?”

“ரெண்டு கையும் காட்னாரு ஆயா.”

அவர் கேட்காமலே நானாகச் செய்த வேலை. ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிற மனிதர், நெஞ்சு அடைத்து விழுந்தால் யார் பதில் சொல்வது? அடுப்பை அணைத்தேன். ஒரு சொம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு நடந்தேன். நாலு பேர் பார்த்தாலே கால் பின்னுகிறவள், அன்றைக்குப் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தின் நடுவிலேயே போனேன். “ஆயா எங்க போவுது?” என்று யாரோ கேட்டார்கள்.

அரை மைல் இருக்கும். மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று உட்காரவில்லை. முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

“எத்தன வருசமா ஏறு ஏறுன்னானுவ! இன்னைக்கு நானே ஏறுதேங்கேன், ஒரு பயலும் நிக்கல ஆச்சி. மூணு வண்டி!”

“நான்தாம்பா ஏத்தாதீங்கன்னு சொல்லி வச்சேன்.”

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். சொம்பை வாங்கிப் பாதியைக் குடித்தார், பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

“வுட்டுடுப்பா” என்றேன். “உசுரு பெருசு. அடுத்த வண்டிய நானே நிறுத்துறேன்.”

சொன்னபடியே வந்த பஸ்ஸுக்குக் கையை நீட்டிவிட்டேன். வாழ்க்கையில் நான் பஸ்ஸுக்குக் கை காட்டியது அதுதான் முதல் தடவை. ஆண்பிள்ளை துணையில்லாமல் பஸ் ஏறியதே கிடையாது. வண்டி மெதுவாகி, பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர், “ஏறுங்க சார்” என்றார். படியில் நின்ற பையன் கையையும் நீட்டிவிட்டான்.

இவர் அந்தக் கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது.

“வேண்டாம்” என்றார். சத்தமாக, வாயைத் திறந்து. “வேண்டாம் தம்பி. நீங்க போங்க.”

டிரைவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. இவர் அதையும் பார்த்தார். பார்த்தும் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

அப்புறம் ஓடினார். ஓடினார் என்று நான் சொல்கிறேன், பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். அவர் ஓடினார், நான் பக்கத்தில் காலிச் சொம்போடு நடந்தேன், இரண்டு பேரும் ஒரே வேகம். ஓர் இடத்தில் நான் கொஞ்சம் முந்திவிட்டேன். அவர் மனசு சங்கடப்படுமே என்று செருப்பைச் சரிசெய்கிற மாதிரி நின்றுகொண்டேன். கூட்டுரோட்டில் நின்ற பிள்ளைகளுக்கு, விஷயம் தெரிந்தும் தெரியாமலும், கை தட்டத் தோன்றிவிட்டது. “வேலைய திருப்பிக் குட்த்துட்டாங்களா அண்ணா?” என்று வாழைப்பழப் பெண் கேட்டது. அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

கடை வாசலில் நின்று கைக்கடிகாரத்தை அமுக்கினார். எனக்குக் காட்டினார். நாற்பத்திரண்டு, ஒரு புள்ளி, அப்புறம் ஏதோ. ஊருக்குப் போன் போட்டு, “முடிச்சிட்டேன்” என்றார். ஒரு வார்த்தைதான். அந்தப் பக்கத்திலிருந்து, “சாப்ட்டியளா?” என்று கேட்டது எனக்கும் கேட்டது.

சாப்பிட வைப்போம் என்று அடுப்பை மூட்டினேன். நாலு இட்லி எடுத்துக்கொண்டு திரும்பினால், ஷூவைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டார். என் கடையில் அந்த ஒரு பெஞ்சுதான்.

மத்தியானம் வரை வந்தவர்களிடமெல்லாம், நின்றுகொண்டே சாப்பிடுங்கள், சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.