போதனைமிக்க மதகு

எந்தக் கடற்கரையிலிருந்து நடந்தாலும் ஏழாம் நாள் போய்ச் சேரும் தூரத்தில் உபதேசபுரி என்றொரு நாடு இருந்தது. அதன் அரசர் தேர்தலில் வென்று அரசரானவர். "சோறும் சாலையும் மற்ற அரசர்கள் கொடுக்கட்டும். நான் உங்களுக்குப் புத்தி கொடுப்பேன்" என்று அவர் முழங்கியபோது கைதட்டியவர்களில் நத்தைப்பாடி செம்பாயியும் ஒருத்தி.

முடிசூடிய வாரமே ஆணை வந்தது. நாட்டில் எது கெட்டாலும் அதன் பெயருக்கு முன்னால் 'போதனைமிக்க' என்று சேர்க்க வேண்டும். பெயர்ந்த சாலை போதனைமிக்க சாலை ஆயிற்று. மருந்து தீர்ந்த மருத்துவமனை போதனைமிக்க மருத்துவமனை ஆயிற்று. அடைமொழி பெற்றதைப் பழுதுபார்ப்பது பாடநூலைக் கிழிப்பதற்குச் சமமான குற்றம் என்றது இரண்டாம் ஆணை.

மாசி மாதம் நத்தைப்பாடி ஏரியின் மதகுப் பலகை உடைந்தது. செம்பாயியின் நெல் பால்பிடிக்கும் நேரம். இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்தால் கதிர் தேறிவிடும். ஏரி வடிந்துவிட்டால் வைக்கோல்தான். அவள் மனு எழுதி எடுத்துக்கொண்டு போதனை அதிகாரியிடம் போனாள்.

"மதகு உடைஞ்சு போச்சுங்கய்யா. ஆசாரி வந்தா அரை நாள் வேலை."

"உடைஞ்சு போச்சுன்னு சொல்லக் கூடாதும்மா. போதிக்க ஆரம்பிச்சிருக்குன்னு சொல்லணும்."

மறுநாள் மதகின் மேல் 'நீரை வீணாக்காதீர்' என்று பலகை வைத்தார்கள். அதை நட இரண்டு குழி தோண்டியதில் உடைப்பு இன்னும் ஒரு முழம் பெரிதாயிற்று.

மக்களுக்கு அடைமொழியின் பொருள் விளங்கவில்லை என்று கருதிய அரசர் மூன்றாம் ஆணை போட்டு ஊர்தோறும் மாலை வகுப்பு வைத்தார். வராதவருக்கு ரேஷன் கிடையாது. செம்பாயி நோட்டில் ஓரக்கோடு போட்டு, தேதி எழுதி, அதிகாரி சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டாள். வகுப்புக்கு வரும் வழியில் ஏரியில் குச்சி விட்டு ஆழம் பார்த்து, அதையும் ஓரத்தில் எழுதினாள். தப்பாக அளந்துவிட்டோமோ என்று தினமும் இரண்டு முறை அளந்தாள். இரண்டு முறையும் தண்ணீர் குறைந்தே இருந்தது.

"போதனைமிக்க என்றால், பாடம் கற்பிக்கும் தன்மையுடையது என்று பொருள்" என்றார் அதிகாரி.

"அய்யா, எனக்குத்தான் புரியலையோ என்னமோ" என்று எழுந்தாள் செம்பாயி. "உடைஞ்சது போதனைமிக்க மதகுன்னா, நல்லா இருக்கறது என்னங்க?"

"அது வெறும் மதகு."

பின்வரிசையிலிருந்து பக்கத்து வயல்காரன் சடையன் கேட்டான்: "ராசாவோட வயலுக்குப் பாயறது எந்த மதகுங்கய்யா?"

"அது வெறும் மதகுதான்" என்றார் அதிகாரி, வருத்தத்தோடு.

அளக்கத் தொடங்கிய ஒன்பதாம் நாள் குச்சியில் ஒரு சாண்தான் நனைந்தது. செம்பாயி நோட்டை மூடி வைத்துவிட்டு வீட்டு வாசற்கதவைக் கழற்றினாள்.

"யக்கா, வீடு திறந்து கெடக்குமே?" என்றான் சடையன்.

"உள்ள என்னடா இருக்கு களவாட? சோறு வெளியிலதான நிக்குது? பிடி ஒரு பக்கம்."

இருவரும் கதவை மதகில் இறக்கி, களிமண்ணும் வைக்கோலும் அடைத்தார்கள். தண்ணீர் நின்றது. மதியத்துக்குள் காவலர்கள் வந்து அவளைப் பிடித்தார்கள். ஆனால் விஷயம் கேள்விப்பட்டு அரசரே நேரில் வந்தார். கதவைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது.

"மதகு உடையாமல் இருந்திருந்தால் இந்தப் பெண் இதைக் கற்றிருப்பாளா?"

இல்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. செம்பாயிக்குச் சால்வை போர்த்தினார்கள். நெல்லும் தேறியது.

அறுப்பு முடிந்த மறுநாள், கடப்பாரைகள் ஏற்றிய மாட்டுவண்டியோடு அதிகாரி வந்து நான்காம் ஆணையை வாசித்தார். மற்ற ஊர்கள் வெறும் மதகுகளோடு அறியாமையில் கிடப்பதை அரசரால் இனியும் பொறுக்க முடியாது. நாட்டிலுள்ள எல்லா மதகுகளையும் போதனைமிக்கவை ஆக்க வேண்டும்.

"உங்களைக் கௌரவிக்கத்தாம்மா உங்க பொறந்த ஊர்லேருந்து ஆரம்பிக்கிறோம். நீங்க வந்து முதல் கடப்பாரையைத் தொட்டுக் குடுத்தா போதும்" என்றார்.

செம்பாயி, அந்த ஊரிலிருக்கும் தன் அண்ணன் வீட்டுக் கதவின் அகலம் மூன்று முழமா, இரண்டரையா என்று முழங்கையை நீட்டிக் காற்றில் அளந்துகொண்டிருந்தாள். சந்தேகமாக இருந்தது. மறுபடியும் அளந்தாள்.